மைனர் காரில் அம்பாசடர் இன்ஜின் இறங்கிய நாள்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டு வாசலில் நடந்தது இது. சுரங்கம் அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம்.

அப்பா சுரங்கத்தில் ஷாஃப்ட் என்கிற ஆழக் குழியில் வேலை பார்த்தவர். அவர் காலமான பிறகு அக்காவும் மாமாவும்தான் என்னைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். மாமா என்றால் அக்காவின் கணவர். கனரக இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். அக்கா, மாமா, இரண்டு பிள்ளைகள், நான் என்று ஐந்து பேருக்கும் சோறு போட்டது அவருடைய வலது கை. என் படிப்பும் அந்தக் கையில்தான் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்று ஆபத்து வந்தது அந்தக் கைக்குத்தான்.

மாமாவிடம் மைனர் என்கிற பழைய சின்னக் கார் ஒன்று இருந்தது. முட்டை மாதிரி உருண்டையாக, இரண்டு கண்ணையும் விழித்துப் பார்க்கிற முகம். பார்க்க அழகு. ஆனால் இழுவை கிடையாது. நாங்கள் ஐந்து பேரும் ஏறிக்கொண்டு பேத்தமங்களா ஏரிக்குப் போனால், திரும்பி வரும்போது மேட்டில் பாதி தூரத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடும். எல்லாரும் இறங்கித் தள்ளுவோம். அக்கா பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளுவாள். ஒரு தடவை சைக்கிளில் எங்களைக் கடந்துபோன பால்காரர் மணியடித்துக்கொண்டே கேட்டார்: "இன்னா சார், காரு உங்கள இட்டுக்கினு போவுதா, நீங்க காரை இட்டுக்கினு போறீங்களா?"

மாமா சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் பானட்டைத் திறந்து, இருட்டும்வரை அந்த இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் ஆண்டர்சன்பேட்டைக்குப் போய், மரத்தில் மோதி நொறுங்கிப்போன ஒரு டாக்சியிலிருந்து கழற்றிய அம்பாசடர் இன்ஜினை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மைனரின் இன்ஜினோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது அதன் அண்ணன் அல்ல, அப்பன்.

"இது அதுக்குள்ள போவாது" என்றாள் அக்கா.

"போக வெக்கிறேன்."

"போனாலும் போவட்டும், போவாட்டியும் போவட்டும். உங்க கையில ஒரு கீறல் பட்டுச்சு, அத்தோட இந்த இரும்ப கெணத்துல தள்ளிட்டுத்தான் மறுவேல. நான் இந்தப் பக்கமே திரும்பிப் பாக்க மாட்டேன்."

சொன்னபடியே அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் மாமாவும் நானும்தான் வேலை பார்த்தோம். ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு காருக்குள் தலையை விட்டுவிடுவார். சின்ன இன்ஜினைக் கழற்றி எடுத்தோம். புது இன்ஜின் நீளம் என்பதால் ரேடியேட்டரை முன்னால் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. இன்ஜின் உட்காருவதற்கான இரும்புத் தாங்கிகளை மாமாவே வெட்டி, வெல்டிங் வைத்தார். வேகம் கூடும், அதனால் பிரேக்கும் நல்லதாக வேண்டும் என்று அதையும் மாற்றினார். நான் காக்கி அட்டையில் அளவெடுத்து வெட்டி, காருக்குள் வைத்து வைத்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒரு விரல் இடம்தான் மிச்சம். அக்கா எங்களுக்கு டீ கொண்டுவந்து ஜன்னல் விளிம்பில் வைப்பாள், முகத்தைத் திருப்பிக்கொண்டே உள்ளே போய்விடுவாள்.

மிச்சம் இருந்தது இன்ஜினைத் தூக்கிக் காருக்குள் இறக்குகிற வேலை. அதற்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

பக்கத்து லைனில் ஒரு மேஸ்திரி இருந்தார். ஷாஃப்டில் கனமான சாமான்களை இறக்குவதுதான் அவர் வேலை. மூன்று யூகலிப்டஸ் கம்பங்களை முக்காலி போல நட்டு, உச்சியில் கப்பி கட்டி, தன்னோடு வேலை செய்யும் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கயிறு கப்பியிலிருந்து இறங்கி, தெருவோரத்தில் நட்டிருந்த இரும்புக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் போனது. அதைப் பிடித்துக்கொண்டு நால்வரும் நின்றார்கள். அவர்களுக்கும் காருக்கும் நடுவில் வேடிக்கை பார்க்கிற கூட்டம். லைனில் இருந்த எல்லாருமே வந்திருந்தார்கள். எல்லாருமே யோசனை சொன்னார்கள்.

"ரைட்ல தள்ளு!" "ஏய், தூக்குப்பா!" "மெதுவா, மெதுவா, மூஞ்சி இடிக்குது!"

மாமா தொழிற்சாலைக்காரர். அங்கே கிரேனுக்குக் கையால்தான் சைகை. அதே மாதிரி அவர் கீழேயிருந்து கையைக் காட்ட, நான் அதைப் பார்த்து மேஸ்திரிக்குக் கையைக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. இரண்டு தடவை தப்பாகப் போனது. மேஸ்திரி கயிற்றைக் கம்பத்தில் இறுக்கிவிட்டு மாமாவிடம் சொன்னார்: "மாப்ள, கையக் காட்டி வேல செய்றதெல்லாம் உங்க ஃபாக்டரில வெச்சிக்கோ. சுரங்கத்துக்குக் கீழ எங்களுக்கு இருட்டு. அங்க கண்ணு வேல செய்யாது, காதுதான். தட்டச் சொல்லு. கத்துறவன் கத்திக்கினே இருக்கட்டும், நாங்க கேக்க மாட்டோம்."

சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்கிற கூண்டு மணியடித்துத்தான் மேலும் கீழும் போகும். அந்த மணிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர் எங்களுடையது. ஒரு தண்டவாளத் துண்டை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஏற்று. ஸ்பானரால் தட்டுவது என் வேலை.

அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் மூன்று தட்டினேன், அவ்வளவு பெரிய இரும்பு தரையை விட்டுச் சத்தமில்லாமல் எழுந்தது. ஒன்று தட்டினேன், நின்றது. ஆடக்கூட இல்லை. இரண்டு தட்டினால் பூ இறங்குகிற மாதிரி இறங்கியது. கம்பத்தைச் சுற்றிய கயிறு மட்டும் முனகியது. நால்வரும் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கூட நின்றிருப்பார்கள் போல. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மேஸ்திரி அந்தப் பக்கமிருந்தே, "தம்பி, வேடிக்க பாக்காம தட்டு" என்றார்.

இன்ஜின் காருக்குள் முக்கால்வாசி இறங்கியது. பிறகு ஒரு ஓரம் இடித்து நின்றது. நான் ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினேன். மாமா காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருந்தார். "மச்சான், பின்பக்கம் கொஞ்சம் எகிறிக்கினு இருக்குது. ரெண்டு கையாலயும் புடிச்சி உன் பக்கம் இழு" என்றார். நான் ஸ்பானரை ஜன்னலில் வைத்துவிட்டு, காருக்குள் சாய்ந்து, இன்ஜினின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். மேலேயிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது: மாமாவின் வலது கை, இன்ஜினுக்கும் அடியில் இருந்த குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் நுழைந்து தாங்கியைத் தடவிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் கோயிலில் கட்டிய கறுப்புக் கயிறு.

தாங்கி கொஞ்சம் கோணலாக இருந்திருக்கிறது. மாமா இடது கையில் சுத்தியலை எடுத்து அதை நேராக்க அடித்தார்.

டங். டங்.

கப்பி கிறீச்சிட்டது. இன்ஜின் என் கைக்குள்ளேயே நழுவி இறங்கியது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று நான் கத்தினேன். என்னோடு சேர்ந்து கூட்டமும் கத்தியது. ஆனால் கூட்டம் காலையிலிருந்தே கத்திக்கொண்டுதானே இருந்தது? நால்வர் காதிலும் அது ஏறவே இல்லை. என் கையை எடுத்தால் இன்ஜின் ஆடி மாமாவின் கைமேலேயே சாயும். ஸ்பானர் ஜன்னலில் இருந்தது. மாமாவின் மணிக்கட்டுக் கயிறு தாங்கியில் மாட்டிக்கொண்டது, கையை இழுக்க முடியவில்லை. எனக்கு அந்த ஐந்து விரல்கள் மட்டும்தான் தெரிந்தன. அவை விரிந்து விறைத்துப்போய் நின்றன.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம். ஒரே ஒரு சத்தம். பித்தளை அண்டாவில் இரும்புக் கரண்டியால் ஓங்கி அடித்த சத்தம்.

எல்லாம் நின்றது.

கயிறு நின்றது. இன்ஜின் நின்றது. கத்திக்கொண்டிருந்த கூட்டம் பாதி வார்த்தையில் வாயை மூடிக்கொண்டது. கறிப்பையோடு தெருவில் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர், தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. யார் அடித்தது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அண்டாவின் அதிர்வு மட்டும் காற்றில் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதிரி ஓர் அமைதியை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

அக்கா வாசலுக்கு வந்தாள். கையில் கரண்டி. என் முகத்தைப் பார்த்தாள், காருக்கு அடியில் நீண்டிருந்த மாமாவின் கால்களைப் பார்த்தாள். ஜன்னலில் இருந்த ஸ்பானரை எடுத்து, தண்டவாளத் துண்டில் மூன்று தட்டினாள். இன்ஜின் ஒரு விரல் அளவு எழுந்தது. ஒன்று. நின்றது.

மாமா கையை வெளியே இழுத்துக்கொண்டார். கறுப்புக் கயிறு அறுந்து உள்ளேயே மாட்டிக்கொண்டது.

அவர் காருக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து உட்கார்ந்ததும் அக்கா எதிரில் குந்தினாள். அழவில்லை, திட்டவில்லை.

"மடக்குங்க" என்றாள்.

அவர் விரல்களை மடக்கினார்.

"நீட்டுங்க. ஒண்ணொண்ணா."

ஒவ்வொன்றாக நீட்டினார். மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்ட மாதிரி ஒரு சிவப்புக் கோடு. அவ்வளவுதான். ஐந்து விரலும் ஆடின.

மேஸ்திரி கயிற்றை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. "ரெண்டு சத்தம் வந்துச்சும்மா... கை தானா வுட்டுச்சு. மூள யோசிக்கவே இல்ல" என்றார்.

"தெரியும்ணா" என்றாள் அக்கா.

மாமா மெதுவாகச் சொன்னார்: "போதும். வுட்டுடலாம். நீ சொன்ன மாதிரி கெணத்துலயே தள்ளிடலாம்."

நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அக்கா எழுந்து சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். காரைத் தள்ளும்போது செருகுவாளே, அதே மாதிரி.

"ரெண்டு மாசம் உசுர வுட்டு செஞ்சிட்டு, பாதியில தொங்கவுட்டுட்டுப் போறதா? எறக்குங்க. நான் தட்டறேன். நான் தட்டி முடிக்கிற வரைக்கும் இந்த வாசல்ல யாரும் சுத்தியலத் தொடக் கூடாது. கரண்டியக்கூட."

கூட்டத்தில் யாரோ, "இன்னாடா, வீட்லயும் அக்காதான் மணியா?" என்றார்கள். மாமாவே சிரித்துவிட்டார். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. "நீ தட்டும்மா. நாங்க உன் கைக்கு வேல செய்றோம்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றிடம் போனார்.

அவள் தட்டினாள். மாமா தள்ளி நின்று கடப்பாரையால் நெம்பினார், நான் பின்பக்கத்தைப் பிடித்தேன். இரண்டு, ஒன்று. இரண்டு, ஒன்று. கடைசியில் அந்தப் பெரிய இன்ஜின் சின்னக் காருக்குள், அதற்கென்றே செய்த பெட்டிக்குள் நகை உட்காருகிற மாதிரி உட்கார்ந்தது. போல்ட்டு ஓட்டைகள் நேருக்கு நேர் வந்தன. நான் அட்டையில் வெட்டிய அந்த ஒரு விரல் இடைவெளி நான்கு பக்கமும் அப்படியே இருந்தது.

சில வாரம் கழித்து, வயர், குழாய் எல்லாம் மாட்டி முடித்த பிறகு, ஐந்து பேரும் பேத்தமங்களாவுக்குப் போனோம். திரும்பும்போது அதே மேடு. மாமா ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். கார் உறுமிக்கொண்டு, நாங்கள் வழக்கமாக இறங்குகிற இடத்தைத் தாண்டி, மேட்டின் உச்சியையும் தாண்டியது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அக்கா முன் சீட்டில் கைகட்டி உட்கார்ந்துகொண்டு, "அந்தப் பால்காரன் எங்கயாச்சும் தெரியறானா பாரு" என்றாள்.

அப்போதுதான் பின்னாலிருந்து கேட்டேன்: "அக்கா, நீ உள்ள இருந்தே. பாக்கவே இல்ல. எப்படித் தெரிஞ்சுது?"

"நீ தட்டுனது தண்டவாளத்துல. அது கணீர்னு வரும். அந்த ரெண்டு மட்டும் மந்தமா வந்துச்சு, வண்டியில அடிச்ச மாதிரி. சரி, அவருதான் எதையோ அடிக்கிறாருன்னு நெனச்சேன். ஆனா கப்பி ஓடுச்சு. யாரும் ஓடச் சொல்லாம ஏன் ஓடணும்?" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அப்பா ஷிப்டுல இருக்கறப்போ நீ சின்னப் புள்ள, தூங்கிடுவே. நான் அவரு மேல வர்ற மணியத்தான் கேட்டுக்கினு படுத்திருப்பேன்" என்றாள்.

மாமா சிவப்புக் கோடு மறைந்துபோன அந்தக் கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பினார்.

இரண்டு மாதம் அவள் எங்கள் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஒவ்வொரு சுத்தியல் அடியையும் அவள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பதை நினைத்தால், வெளியூரில் வேலை முடிந்து தனியாக அறைக்குத் திரும்பும் நாட்களிலும், எங்கோ ஒரு வீட்டில் யாரோ எனக்காகக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற தைரியம் எனக்கு இன்றும் வருகிறது.