துண்டுக்குள் பேசிய விலை

நாகல் நகரில் ஒரு வீட்டுக்கு நெட் லைன் பார்க்கப் போயிருந்தேன். கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒட்டிய கன்னம், சிரித்தே அறியாத வாய். பீரோ மேல் பழைய லேப்டாப் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அய்யலூர் சந்தையில் எந்தத் தரகர் எந்த ஆட்டை என்ன விலைக்கு முடித்தார் என்று வாராவாரம் விசாரித்து அவர் போடும் வெப்சைட் வேறெங்கும் இல்லை, அந்த லேப்டாப்பிலேயேதான் இருந்தது.

கரண்ட் போய் வந்தால் வீட்டு நெட்டின் முகவரியான ஐபி நம்பர் மாறிவிடும்; வெப்சைட் திறக்காது. உடனே போனை எடுத்து, வெப்சைட் பெயரோடு புது நம்பரைச் சேர்த்துவிடுவார். நான் இருந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை சேர்த்தார்.

"எதுக்குண்ணே இம்புட்டுப் பாடு? வெப்சைட்டை ஒரு கம்பெனிகிட்ட விட்டா நம்பரே மாறாதே" என்றேன்.

"விட்டிருந்தேன் அப்பு. ஒரு தரகன் புகார் எழுதுனான், கம்பெனிக்காரங்க வெப்சைட்டை மூடிட்டாங்க. எங்கம்மா ஆட்டை வித்துக் குடுத்தவன் அவன். யாருக்கும் தெரியாம துண்டுக்குள்ள வியாபாரி விரலை எண்ணிப் பிடிச்சு ஒரு விலை பேசிட்டு, அம்மாகிட்ட கொறைச்சுச் சொன்னான். இப்ப மூடணும்னா அவன் என் கதவைத்தான் தட்டணும்."

"தட்டுனா?"

வாசலைப் பார்த்துக் கிடந்த காலி நாற்காலியைக் காட்டினார். அதன் மேல் ஒரு துண்டை மடித்து வைத்திருந்தார்.

"உக்கார வைப்பேன். அந்தத் துண்டைக் கையில போத்தி, அன்னைக்கு எத்தனை விரலைப் பிடிச்சே, பிடிச்சுக் காட்டுடாம்பேன்."

அந்த வீட்டில் வேறு நாற்காலி இல்லை. அவர் கொடுத்த டீயை நின்றபடியே குடித்துவிட்டு வந்தேன்.