சுண்ணாம்புக் கோட்டில் நின்ற வில்லாளி

போன வாரம் எங்கள் ஆபீசில் ரம்யா தன் புதுச் சைக்கிளை லிஃப்டில் ஏற்றிக்கொண்டு வந்து, என் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். கீழே நிறுத்தப் பயமாம். கல்லும் மண்ணுமாக இருக்கிற பாதைகளில் ஓட்டுவதற்கென்றே செய்த சைக்கிள் அது. டயரின் இடுக்குகளில் செம்மண் காய்ந்திருந்தது, பட்டாணி அளவில் ஒரு கல்லும் மாட்டியிருந்தது. பேனா முனையால் அதை நெம்பி எடுத்து, யாரும் பார்க்காத நேரத்தில் முகர்ந்தும் பார்த்தேன். ஐம்பதை நெருங்கும் பெண் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள்.

"மேடம், வண்டியே வராத ரூட் ஒண்ணு கண்டுபுடிச்சிருக்கோம்" என்றாள் ரம்யா, கண்கள் மின்ன.

அந்தக் கண் மின்னலை எனக்குத் தெரியும். இருபது வருடங்களுக்கு முன் ஸ்டெல்லாவும் நானும் அப்படித்தான் திரிந்தோம்.

மல்லேஸ்வரத்தில் ஒரு சின்ன வரைபட ஆபீசில் இருவரும் வேலை பார்த்தோம்; முதலாளியை 'சார்' என்போம். மனை பிரித்து விற்பவர்களுக்கு லேஅவுட் போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். சர்வே செய்பவர்கள் அளவு கொண்டுவருவார்கள். நானும் ஸ்டெல்லாவும் கம்ப்யூட்டரில் கோடு போடுவோம். ஸ்டெல்லா நகரத்தின் மறுகோடியில் இருக்கிற மர்பி டவுன்காரி. அண்ணனுடைய பார் வைத்த சைக்கிளில்தான் தினமும் வேலைக்கு வருவாள். என்னுடையது முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஓட்டுவதில் நான் பெரிய நிபுணர். சமதரையில்கூடப் பிடிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அதிகாலைப் பூசை முடிந்ததும் ஸ்டெல்லா நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். யஷ்வந்த்பூர், ஜாலஹள்ளி, அப்புறம் ஹெசரகட்டா ரோடு. அதை விட்டு இறங்கினால் செம்மண் சரளைப் பாதை. ஒரு காலத்தில் ஹெசரகட்டா ஏரியிலிருந்து எங்கள் மல்லேஸ்வரத்துப் பக்கம் குடிதண்ணீர் கொண்டுவந்த செங்கல் வாய்க்கால் அங்கே வளைவு வளைவாக நிற்கும். அதன் நிழலிலேயே ஓட்டிக்கொண்டு போவோம். வெயில், நிழல், வெயில், நிழல். டயருக்கடியில் சரளை பொரிகிற சத்தம். ராகி அறுத்த வயல் வாசனை. மணிக்கணக்கில் ஒரு மோட்டார் சத்தம் கேட்காது. எதிரே மாடுதான் வரும், அதுவும் ஒதுங்கிக்கொள்ளும்.

ஒரு நீண்ட சரிவு உண்டு. மேலே நின்று பார்த்தால் பாதை நேராக ஏரிக்கரை வரை விழுந்து கிடக்கும். ஸ்டெல்லா இரண்டு காலையும் விரித்துக்கொண்டு பறப்பாள். நான் பின்னால் கிறீச் கிறீச் என்று இறங்குவேன். கீழே காத்திருப்பவள் ஒவ்வொரு முறையும் இதையேதான் சொல்லுவாள். "பிரேக்க விடுடி. மோதறதுக்கு இங்க ஏதாவது வண்டியா வருது?"

அப்படி ஒரு ஞாயிறு, சரிவுக்கு மேலே ஒரு புங்கமரத்தடியில் அவரைப் பார்த்தோம். அவர் என்றுதான் சொல்ல வருகிறது. என் தோளுயரக் கல். கீழ் அடுக்கில் வில்லை வளைத்து நிற்கிற ஒரு ஆள், அவர் பின்னால் ஒண்டிய மாடுகள். அதற்கு மேல் இரண்டு பெண்கள் அவரைக் கைத்தாங்கலாக வானத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். உச்சியில் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறார். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நட்ட கல். முகம் தேய்ந்துபோயிருந்தாலும் மஞ்சள் புதிதாக இருந்தது. பக்கத்து வயலில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்த கெளரம்மா, தங்கள் ஊர் மாடுகளைக் காப்பாற்றியவர் இவர் என்று, ஏதோ போன மாதம் நடந்ததுபோலக் கன்னடத்தில் சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் டிபன் டப்பாவைத் திறக்கிற இடம் அதுதான்.

மழைக்காலம் வந்தது, இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. வேலை மட்டும் குவிந்தது. வந்த தாள்களுக்கெல்லாம் கோடு போட்டுத் தள்ளினேன்.

மழை விட்ட முதல் ஞாயிறு. சரிவின் உச்சிக்கு ஏறினால் ஒரு ஜேசிபி நிற்கிறது. வயல்வெளி மட்டமாகிக்கொண்டிருந்தது. தரையில் இரண்டு வெள்ளைச் சுண்ணாம்புக் கோடுகள், நாற்பதடி இடைவெளியில், அம்பு மாதிரி நேராகப் புங்கமரத்தை நோக்கிப் போயின. வில்லாளி இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவில் நின்றார்.

கோட்டின் முனையில் மூன்று மனைகள் விசிறிபோல் விரிகிற வடிவத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. "ஸ்டெல்லா, இது நான் போட்ட கோடுடி."

சர்வே தாளில் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. ஊர்ப் பெயரைக்கூட நான் சரியாகப் படிக்கவில்லை. ஸ்கேல் வைத்ததுபோல நேராக வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டது மட்டும் ஞாபகம் இருந்தது.

ஜேசிபி ஓட்டுபவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், கோவிந்தன் என்று பெயர். தமிழில் பேசியதும் எஞ்சினைக் குறைத்தார்.

"நானும் நேத்தே பாத்தேன்க்கா. மஞ்சப் பூசியிருக்குது, கை வெக்க மனசு வரல. ஆனா பேப்பர்ல ஒண்ணும் இல்லன்றாங்க. மத்தியானத்துக்குள்ள ரோடு காட்டணும்."

"எங்க சார்கிட்ட பேசிட்டு வர்றேன். அதுவரைக்கும் நிறுத்த முடியுமாண்ணா?"

"முக்கா மணி நேரம் பாக்கறேன். அதுக்கு மேல மேஸ்திரி கேட்டா என்னா சொல்றது?"

எங்கள் இருவரிடமும் செல்போன் கிடையாது. போன் பூத் ஏரிக்கு அந்தப் பக்கம். ஸ்டெல்லாதான் போயிருக்க வேண்டும், ஆனால் அவள் பின்சக்கரம் ஏறி வரும்போதே முள் குத்தித் தரையோடு ஒட்டிக் கிடந்தது. என் சின்னச் சைக்கிளில் அவளால் காலை மடக்கி மிதிக்க முடியாது, அவ்வளவு உயரம். என்னைப் பார்த்தாள்.

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். கெளரம்மா பின்னாலிருந்து "நோட்கொண்டு ஹோக்ரம்மா" என்று கத்தினாள். பார்த்துப் போகத்தான் சொன்னாள். நான் பார்க்கவில்லை. முதல் பத்தடியிலேயே விரல்களைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டேன். கூடை தடதடத்தது, கண்ணில் நீர் வழிந்தது, சரளை இரண்டு பக்கமும் தெறித்தது. அப்படியொரு பயம், அப்படியொரு ஆனந்தம். ஏரிக்கரை என்னை நோக்கி ஓடிவந்தது. நடுவழியில் நான் சத்தமாகச் சிரித்தேன் என்பதை இதுவரை ஸ்டெல்லாவிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு கல் உடைபடப் போகிறது, நான் சிரிக்கிறேன்.

பூத்தில் சார் வீட்டு நம்பரை அழுத்தினேன். மூச்சு வாங்கியது.

"ஞாயித்துக்கெழம அங்க என்னம்மா பண்றே?"

"சைக்கிள் ஓட்டறேன் சார்." பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன்.

"சைட்ல கெடக்கற ஒவ்வொரு கல்லுக்கும் ரோட்ட வளைச்சா நாம எப்பிடிம்மா தொழில் பண்றது?"

"அது கல்லு இல்ல சார். ஆளு."

போனில் சார் பேனா தேடுகிற சத்தம் கேட்டது. "அளவு எடுத்தியா?"

"ஸ்டெல்லா எடுத்துட்டிருக்கா சார்." அவளிடம் டேப் இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது.

"வேலைய அந்தக் கடைசிலேந்து ஆரம்பிக்கச் சொல்லு. லேஅவுட் ஓனர்கிட்ட நான் பேசறேன்."

திரும்பி ஏறும்போது பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன். முக்கால் மணி எப்போதோ தாண்டியிருந்தது. மேலே எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

புங்கமரத்தடியில் கெளரம்மாவின் மாட்டுக் கயிற்றை ஒரு முனையில் கோவிந்தனும் மறுமுனையில் ஸ்டெல்லாவும் பிடித்துக்கொண்டு, கல்லிலிருந்து, சர்வே தாளில் குறித்திருந்த வயல் கிணற்றுக்கு அளந்துகொண்டிருந்தார்கள். மேஸ்திரி வந்து கேட்டதற்கு, ஆயில் பைப் ஒழுகுகிறது, ஓட்டினால் எஞ்சின் போய்விடும் என்று சொல்லிவிட்டாராம் கோவிந்தன். "பொய்தான்க்கா" என்றார், கயிற்றை விடாமல்.

திங்கட்கிழமை சாரே என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஓனர் ஒரு மனையின் மூலையை விட்டுக்கொடுக்க முணுமுணுத்துச் சம்மதித்திருந்தார். நேர்க்கோட்டை அழித்து, புங்கமரத்தைச் சுற்றி ஒரு வளைவு போட்டேன். என் வாழ்க்கையில் நான் போட்ட கோடுகளில் எனக்குப் பிடித்த கோடு அதுதான்.

ஸ்டெல்லா இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். முழங்கால் வலி, சைக்கிளைத் தொடுவதில்லை. ரம்யாவின் டயர் கிளப்பிவிட்டதில் நேற்று நான் மட்டும் அந்தப் பக்கம் போய்வந்தேன். செங்கல் வளைவுகளில் சில, வீடுகளுக்கு நடுவே மிச்சம் இருக்கின்றன. ராகி வயல் இல்லை, அவரைக் கொடி இல்லை, கெளரம்மாவைத் தெரிந்தவர் யாருமில்லை. சரிவில் இப்போது மூன்று வேகத்தடைகள். வில்லாளிக்கு மட்டும் இரும்புக் கிராதியும் தகரக் கூரையும் போட்டிருக்கிறார்கள். மஞ்சளும் இருந்தது.

நான் போட்ட வளைவில் எதிரே வருவது தெரியாது என்று ஒரு குவிகண்ணாடி நட்டிருக்கிறார்கள். தண்ணீர் லாரி, பள்ளிக்கூட வேன், சாப்பாடு கொண்டுபோகும் ஸ்கூட்டர்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் போகின்றன. கிராதிக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் நின்றேன். ஒரு வண்டிகூட ஹாரன் அடிக்காமல் அந்த இடத்தைத் தாண்டவில்லை.