அனுமதிப் பக்கத்தில் மஞ்சள்

அண்ணாவுக்கு மதராஸில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்தபோது ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு வராத சனம் இல்லை. துறைமுகத்தில் வேலை செய்த ஐயா, கண்டவர்களுக்கெல்லாம் மகனின் பாஸ்போர்ட்டை விரித்துக் காட்டினார். மாணவனாக இந்தியாவுக்குள் நுழைய அனுமதி என்று முத்திரை குத்தி, கீழே திகதியும் கல்லூரியின் பெயரும் மைப்பேனையால் எழுதியிருந்தது.

எங்கள் வீட்டில் காணி உறுதியோ கலியாணக் காகிதமோ, முக்கியமான எதுவும் மூலைகளில் மஞ்சள் பூசாமல் படியிறங்காது. புறப்படும் காலையில் அம்மா பாஸ்போர்ட்டை அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோனார். அட்டையில் மட்டும் பூசிக்கொண்டு வந்திருக்கலாம். அம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆளா? அனுமதி உள்ளேதானே இருக்கிறது என்று அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, குழைத்த மஞ்சளை எழுத்தின் மேலேயே தாராளமாக வைத்திருக்கிறார்.

அண்ணா அதைக் கண்ணில் ஒற்றிப் பைக்குள் வைத்தார். திறந்து பார்க்கவில்லை. தலைமன்னாரில் பாஸ்போர்ட்டிலுள்ள படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கப்பலேற விட்டார்கள். அக்கரையில், வருகிறவர்களைப் பதிகிற அதிகாரிதான் அந்தப் பக்கத்தைத் திறந்தார். மை கரைந்து மஞ்சளோடு ஒன்றாகிக் கிடந்தது.

“எங்க வீட்லயும் அம்மா மஞ்சள் வைப்பாங்க தம்பி. ஆனா தேதியே தெரியலையே, நான் எதைப் பார்த்துப் பதியறது?” என்றாராம்.

அவர் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டுவதற்காவது ஓர் ஆள் கிடைத்திருப்பார். அண்ணாவைத் திரும்புகிற கப்பலிலேயே ஏற்றிவிட்டார்கள்.

“விசாக் கந்தோரில அனுமதி எழுதினவை பிழை விட்டிட்டினம் அம்மா,” என்று அண்ணா வீட்டில் சொன்னார். நடந்ததை எனக்கு மட்டும்தான் சொன்னார். அம்மா பாவம், கந்தோர்க்காரரை நாள்கணக்கில் திட்டித் தீர்த்தார். அண்ணா புது அனுமதிக்காகக் கொழும்புக்கு நடையாய் நடந்தார். அது கிடைக்குமுன் கல்லூரி அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. ஐயா அழுததை அன்றுதான் பார்த்தேன்.

எனக்கு அம்மா மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவரிடம் எல்லாவற்றையும் போட்டுடைக்கப் போனேன். அண்ணா என்னைக் குசினிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“வாயைத் திறந்தியெண்டா நான் உன்னோட கதைக்கமாட்டன். அம்மாவால இதைத் தாங்க ஏலாது.”

அண்ணா துறைமுகத்தில் கிளாக்கர் வேலைக்குப் போகத் தொடங்கிய வாரம், அம்மா கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்தார்.

“போன முறை மஞ்சள் குறைஞ்சு போச்சோ என்னவோ. பாஸ்போட்டை எடு தம்பி, இந்த முறை வடிவாய்ப் பூசித் தாறன். வாற வருஷம் கட்டாயம் போவாய்.”

அண்ணா அலுமாரியைத் திறந்து எடுத்து வந்தார். அந்தப் பக்கத்தை விரித்து, பழைய கறை தெரியாதபடி பெருவிரலால் மறைத்துப் பிடித்துக்கொண்டார்.

“ஓம், பூசுங்கோ அம்மா,” என்றார்.