ஆறாவது முடிச்சு

இந்த வயதில் மாடிப்படி பத்தொன்பதையும் எண்ணித்தான் இறங்குகிறேன். விழுந்துவிடுவேனோ என்ற பயம். எண்ணுகிற பழக்கம் மட்டும் பழையது, ஒரு கயிற்றுக்கும் முந்தியது.

கயிறு அப்பாவின் கையால் பதினொரு முழம், என் கையால் பதினாறு. எனக்கு அப்போது ஏழு வயது. கோவளம் பக்கம் போக அந்த நாளில் கால்வாய்ப் படகுதான். மயிலாப்பூர்த் துறையில் பாய்மரப் படகு ஏறியதும், அப்பா கயிற்றின் ஒரு நுனியைப் பாய்மரத்தில் கட்டி, குழந்தைகள் ஐந்து பேரையும் வரிசையாக இடுப்பில் முடிச்சுப் போட்டு இணைத்தார். ஆறாவது முடிச்சு அத்தைக்கு.

அத்தை அப்பாவின் தங்கை. அவளைப் புக்ககத்தில் கொண்டுபோய் விடத்தான் அந்தப் பயணம். முன்பே இரண்டு தடவை விட்டார்கள். இரண்டு தடவையும் தனியாகத் திரும்பி வந்துவிட்டாள். அவள் இடது கையில் நான்கு தழும்புகள் இருந்தன. ரசம் கொட்டிவிட்டது என்றாள். ரசம் எப்படி நான்கு நேர்கோடுகளாகக் கொட்டும் என்று எனக்குக் குழப்பம்.

படகுக்காரர் சிரித்தார். "இன்னா சாமி, இது இடுப்புத் தண்ணி. உய்ந்தா எய்ந்து நின்னா போதும். இதுக்குப் போயி மாட்டைக் கட்றாப்ல கட்டிக்கினு கீறீங்களே!"

"அடையாத்துல ஆழம் இருக்கோல்லியோ? இவளுக்கு வேற தலை சுத்தும்" என்றார் அப்பா.

அம்மாவுக்கும்தான் தலை சுற்றும். அம்மாவைக் கட்டவில்லை.

கால்வாய் அடையாற்றைச் சேரும் இடத்தில் காற்று எதிர்த்தது. பாயை இறக்கி, படகைக் கரையோரம் நிறுத்தினார்கள். அப்பா கிழக்கே பார்த்து உட்கார்ந்து, கண்ணை மூடி ஜபம் செய்யத் தொடங்கினார். அம்மா தூங்கிவிட்டாள். மற்ற நால்வரும் சேற்றில் நண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டேய், நீதான் எல்லாத்தையும் எண்ணுவியே. இந்த முடிச்சுல எத்தனை சுத்து, சொல்லு பார்ப்போம்" என்றாள் அத்தை, என் காதருகே.

அவிழ்த்தால்தானே எண்ண முடியும்? அவிழ்த்தேன். "நாலு."

"சமத்து" என்று என் தலையைத் தடவினாள். கயிற்று நுனியைத் தண்ணீர்க் கூஜாவில் கட்டிவிட்டுக் கரையில் இறங்கினாள். மேற்கே, சைதாப்பேட்டைப் பக்கம் நடந்தாள். தென்னைகள் மறைக்கும்வரை நாற்பத்திரண்டு அடி.

காற்று திரும்பியது. ஆற்றைக் கடந்து முடிக்கும்வரை அப்பா கண்ணைத் திறக்கவேயில்லை. தென்கரைக் கால்வாயில் நுழைந்த பிறகுதான் கயிற்றை இழுத்துப் பார்த்தார். கூஜா உருண்டு வந்தது.

"ஐயோ, குதிச்சுட்டாளே!"

விழுந்துவிட்டாள் என்று சொல்லாமல் குதித்துவிட்டாள் என்று ஏன் சொல்கிறார்? யோசிப்பதற்குள், நீச்சல் தெரியாத அப்பா தண்ணீரில் குதித்தார். இடுப்பளவு நீரில் நின்று இரண்டு கையாலும் துழாவிக்கொண்டே அழுதார்.

"அப்பா, அத்தை விழலை. அந்தக் கரையில இறங்கி நடந்து போனா."

அப்பா துழாவுவதை நிறுத்தினார். "நடந்துதானே போனா? நன்னாப் பார்த்தியா?"

"நாப்பத்திரண்டு அடி."

வேட்டியைப் பிழிந்துகொண்டு ஏறினார். படகைத் திருப்பச் சொல்லவில்லை. புக்ககத்து வாசலில் நின்று, அத்தை அடையாற்றில் தவறி விழுந்துவிட்டாள், உடம்பு கிடைக்கவில்லை என்று சொல்லி அழுதார். கூட வந்த படகுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆமா சாமி, ஆத்துத் தண்ணி ரொம்ப இஸ்ப்பு" என்றார். நாங்கள் மூன்று நாள் தீட்டுக் காத்தோம். வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. காய்ந்த மண்ணில் நடந்தவள் எப்படி முழுகினாள் என்று நானும் எத்தனையோ விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இன்னொன்றும் உதைத்தது. அன்று எங்கள் ஐந்து பேர் முடிச்சையும் அவிழ்க்க அப்பா பல்லால் கடிக்க வேண்டியிருந்தது. அத்தையின் முடிச்சைக் கட்டியதும் அதே கைதான். அது மட்டும் என் விரலுக்கு அவிழ்ந்துகொண்டது. அந்த இடத்தில் கயிறு தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.