கட்டம் கட்டமாக

இன்று மரக்காணம் பேருந்தில் என் மாணவி கலா பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், கட்டுரைய முழுசா மாத்தி ஏத்திட்டேன்."

"ஏம்மா? நல்லா இருக்குது, முடிவை மட்டும் திருத்துன்னுதானே நெட்ல எழுதியிருந்தேன்?"

"எங்க சார்? பிரவுசிங் சென்டர்ல பாத்தா நீங்க எழுதுனது வெறும் கட்டம் கட்டமா இருந்துது, உப்புப் பாத்தியாட்டம். மொத்தமும் தப்பு போலன்னு நெட்லருந்து வேற எடுத்துப் போட்டுட்டேன்."

அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள், அம்மாவோடு உப்பளத்தில் வேலை செய்ததை. புரியட்டும் என்று நான் தமிழில் குறிப்பு எழுதினேன். அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை.

புதியதை ஏற்றினால் பழையது அழிந்துவிடும். கெடுவும் முடிந்துவிட்டது. காப்பியடித்ததற்குத்தான் இனி மதிப்பெண் போடவேண்டும்.

"பரவால்லியா சார்?" என்றாள். தலையாட்டினேன்.

இதையும் தமிழில்தான் எழுதுகிறேன். யாருக்காவது கட்டம் கட்டமாகத் தெரிந்தால் சொல்லுங்கள்.