வாசல் வரைக்கும் போனவர்கள்

சுற்றுலா பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் அவளைச் சமையலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் வீட்டுக்காரர்தான் அந்த வண்டிக்கு டிரைவர். கல்யாணமான புதிதில் ஒருநாள் பழைய சமையல்காரர் பாதி வழியில் கோபித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். "என் வீட்ல நல்லாச் சமைப்பா" என்று இவர் முதலாளியிடம் வாயை விட்டார். அடுத்த பயணத்தில் வண்டியில் ஏறியவள்தான். முட்டியை மடக்க முடியாமல் போகிற வரைக்கும் இறங்கவில்லை.

பின்னால் இரண்டு வரிசை சீட்டைக் கழற்றிவிட்டு அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை எல்லாவற்றையும் அங்கே கட்டி வைத்திருப்பார்கள். வண்டி ஓடும்போதே அவள் காய்கறி வேலையை முடித்துவிடுவாள். "கத்தி எடுத்துட்டேன்" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தால் போதும், அதற்கப்புறம் வண்டி தொட்டில் மாதிரிப் போகும். முன் சீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். "டிரைவரண்ணே, எங்களுக்காகவும் கொஞ்சம் இப்படி ஓட்டலாம்ல?" என்று கேட்பார்கள். "நீங்க என்ன எனக்குச் சோறா போடப்போறீங்க?" என்பார் இவர்.

உலகம் முழுவதற்கும் பொதுச்சொத்து, கண் போலக் காப்பாற்ற வேண்டும் என்று படித்தவர்கள் கூடி உட்கார்ந்து சில இடங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். பழைய கோட்டை, அரண்மனை, குகை, கல் மண்டபம். அந்த வண்டி போனதெல்லாம் அப்படிப்பட்ட இடங்களுக்குத்தான். நின்றதும் ஜனங்கள் தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். அவள் அடுப்பை இறக்கி, காற்றுக்குச் சாக்குப் படுதா கட்டுவாள். இவர் வண்டிக்கு அடியில் பாயை விரித்துக் கண்ணை மூடுவார். திரும்பி வருகிறவர்களிடம் அவள் ஆசையாகக் கேட்பாள்.

"எப்படிம்மா இருந்துச்சு உள்ள?"

"அடேயப்பா, சொல்ல வார்த்தையே இல்லக்கா! சாப்பாடு ஆயிடுச்சா?"

எல்லா ஊரிலும் இதே பதில்தான். அவளுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. பசித்து வருகிறவர்களுக்கு நேரத்துக்குப் போடுகிற பாக்கியத்தைக் கடவுள் கொடுத்தாரே என்று நினைத்துக்கொள்வாள்.

வேலையை விட்டு, மகள் வீட்டோடு வந்த பிறகு ஒரு சாயங்காலம். டிவியில் ஒரு பெரிய மண்டபத்தைக் காட்டினார்கள்.

"இங்க போயிருக்கோம்ல?" என்றார் இவர், சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து.

"எது, தண்ணிக் குழாய் பக்கத்துல நிறுத்துவோமே, அதா?"

"அது இல்ல. காத்து உன் அடுப்பை அணைச்சுக்கிட்டே இருக்குமே, ரெட்டை மரம், அது."

"ஆமா, ஆமா! ஒருதடவை அண்டா மூடி பறந்துபோயி போலீஸ்காரர் எடுத்துட்டு வந்தாரே!"

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அதற்குள் டிவிக்காரன் மண்டபத்தின் உள்ளே போய்விட்டான். வரிசை வரிசையாகத் தூண்கள், ஒவ்வொன்றிலும் கொடி ஏறுவது போல வேலைப்பாடு. சிரிப்பு நின்றுபோயிற்று. அதை அவர்கள் பார்த்ததே இல்லை.

மகள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஊரெல்லாம் சுத்தினோம் சுத்தினோம்னு பெருமை அடிக்கிறீங்களேம்மா. நீங்க ரெண்டு பேரும் பார்த்தது பார்க்கிங்தான்!"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் மறுநாள் காலைப் பிரார்த்தனையில் சமையலக்கா தனக்கென்று ஒன்று கேட்டாள். கால் நடக்கிற வரைக்கும் வருஷத்துக்கு ஓர் இடமாவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும், அவரோடு சேர்ந்து பார்க்க வேண்டும். முதலில் அந்த ரெட்டை மரத்து மண்டபம்.

"இந்த வயசுல என்னத்துக்கு?" என்று இவர் முனகினார். மகளே ஒரு சுற்றுலா பஸ்ஸில் இடம் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

வேறு ஒருத்தர் ஓட்டுகிற வண்டியில் உட்கார்வது அவருக்குப் பெரிய சோதனையாகப் போயிற்று. ஒவ்வொரு வளைவிலும் வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

"காலைச் சும்மா வைங்க. பக்கத்து சீட்டுல சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும். இவன் எறக்கத்துல கியர் மாத்துறதைப் பாரு!"

மண்டபத்து வாசல் வந்தது. எல்லோரும் இறங்கிப் போனார்கள். இவர் மட்டும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, டயரைத் தட்டிப் பார்த்து, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு மர நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ போயிட்டு வா. நான் இங்கயே இருக்கேன்."

அவள் பயந்தது இதற்குத்தான். கல்யாணத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், இவரும் ஒரு கோட்டைக்குள் ஆசையாக எட்டிப் பார்க்கப் போனார். திரும்பி வருவதற்குள் தனியாக வந்திருந்த ஓர் அம்மாவின் பெட்டியை வண்டியிலிருந்து யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த அம்மா திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். வீடு போய்ச் சேருகிறவரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாராம். அதற்குப் பிறகு இவர் வண்டி நிழலை விட்டு நகர்ந்ததில்லை. அவளும் வாருங்கள் என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

இப்போதும் கூப்பிடவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன உக்காந்துட்ட? முட்டிக்குத் தைலம் தேச்சுத் தேச்சு வந்தது இதுக்கா?"

"நீங்க வரலேன்னா நானும் போகல."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? போய்ப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

"என்னன்னு சொல்றது? சொல்ல வார்த்தையே இல்லன்னா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் டிக்கெட் ஜன்னலை அடைத்துவிடுவார்கள். அவள் கண்ணை மூடி, கடவுளே, நீயே ஒரு வழி காட்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

டீ கிளாஸோடு அந்த பஸ் டிரைவர் வந்தார். "என்ன பெரியவரே, உள்ள போகலையா?"

"இல்ல... வண்டி..."

"வண்டிக்கு என்ன?"

"அப்படியே விட்டுட்டு எப்படிப் போறது?"

அந்த டிரைவர் சக்கரத்தடியில் இருந்த கல்லைப் பார்த்தார். இவருடைய காலைப் பார்த்தார். "டிரைவரா இருந்தீங்களா? அதானே! வழியெல்லாம் எனக்கு முந்தி நீங்க பிரேக் போட்டதைக் கண்ணாடில பாத்துட்டுத்தான் வந்தேன்."

இவர் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார். அந்த டிரைவர் கிளாஸைக் கீழே வைத்தார். பஸ் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை இவர் கண் முன்னால் பையில் போட்டுக்கொண்டார்.

"நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். வண்டி என் பொறுப்பு. அக்காவைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க."

அத்தனை வருஷம் வண்டி ஓட்டியவரிடம் யாருமே அப்படிச் சொன்னதில்லை. இவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "பின்னாடி இடது பக்கம் டயர்ல காத்து கம்மியா இருக்கு, பாத்துக்கங்க" என்றார்.

"பாத்துக்கறேன் அண்ணே."

உள்ளே கால் வைத்ததும் வெயில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கல் குளிர்ந்து கிடந்தது. டிவியில் பார்த்த தூண்கள் இவ்வளவு உயரம் என்று அவள் நினைக்கவே இல்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டு இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஒவ்வொரு கல்லும் எத்தனை டன் இருக்கும்! லாரி கிடையாது, ரோடு கிடையாது. எந்த வண்டியில ஏத்தி எப்படிடி கொண்டு வந்திருப்பான்?"

அவள் வேறு நினைப்பில் இருந்தாள். "இதைக் கட்டின இத்தனை பேருக்கும் யாரு சோறாக்கிப் போட்டாங்களோ பாவம். அவங்களாவது உள்ள வந்து பாத்திருப்பாங்களா?"

பெயர் தெரியாத அந்தச் சமையல்காரர்களுக்காக அவள் ஒரு நிமிஷம் கைகூப்பி நின்றாள். இவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு, கொடி எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டே போனார்.

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பதறினாள்.

"நம்ம வண்டிங்க! எல்லாரும் ஏறிட்டாங்க போல. வாங்க, வாங்க."

"அவசரப்படாதே. இது மொத ஹாரன்தான்" என்றார் இவர், தலையைத் தாழ்த்தாமலே. "மொத ஹாரனுக்கு என் சர்வீஸ்ல ஒருத்தராவது வந்திருக்காங்களா? மூணாவது அடிக்கட்டும், போகலாம். இங்க வா, இந்தக் கொடியில உக்காந்திருக்கிற கிளி மூக்கைப் பாரு."