வாப்பாவின் நீட்டிய கை

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த நேரத்து அத்தர் வாசனை... மடவளைப் பள்ளிவாசலின் பழைய மின்விசிறிச் சத்தம்...

தொழுகை முடிந்ததும் பக்கத்தில் இருப்பவருக்கு சலாம் சொல்லிக் கை கொடுப்பது எங்கள் வழக்கம். வாப்பா தன் கூட்டாளி சலீம் மாமாவுக்குக் கை நீட்டினார். மாமா திரும்பவேயில்லை. அந்தரத்தில் நின்ற கையை வாப்பா மெல்ல மடியில் வைத்துக்கொண்டார்.

என் அக்காவை, ராத்தாவை, மாமாவின் மகனுக்குப் பேசியிருந்த சமயம் அது. வாப்பாவுக்குச் சந்தேகம் பற்றிக்கொண்டது. வேறு பெரிய இடம் வந்திருக்குமோ? சீதனப் பேச்சோ? அடுத்த வாரமும் அதே கதை.

"அவனுக்கு எங்கட சம்பந்தம் வாணாம் போல. நாமளே வாணாம்டு செல்லிடுவோம்" என்றார் வாப்பா.

ராத்தா அறைக்குள் அழுதாள்.

மாமாவின் கண்ணை யாரும் சந்தேகப்படவில்லை. கட்டுகஸ்தோட்டையில் கடிகாரம் திருத்துகிறவர். கடுகு மாதிரி ஆணியைக்கூடப் பிடித்துப் பூட்டுவார்.

ஒரு தடவை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பார்ப்போம் என்றார் உம்மா. மாமா வந்தார். நான் பக்கத்தில் நின்று பலகாரத் தட்டை நீட்டினேன். கவனிக்கவில்லை. பார்த்தாயா என்பது போல வாப்பா என்னைப் பார்த்தார். எழும்பும்போது மாமா பக்கத்துக் கதிரையில் மோதி விழப்போனார்.

உம்மாதான் அண்ணனிடம் கேட்பது போலக் கேட்டார். "நானா, ஒங்களுக்கு ரெண்டு பக்கமும் தெரியிதா?"

மாமாவுக்குக் கோபம். "கண் நல்லாத்தான் ஈக்கிது."

உம்மா விடவில்லை. கிளினிக்கில் கண்ணுக்குள் அழுத்தம் என்றார்கள். வலியே இல்லாமல் ஓரப் பார்வையை மெல்ல மெல்லத் தின்றிருக்கிறது. போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், வருடா வருடம் காட்டியிருந்தால் முதலிலேயே பிடித்திருக்கலாம் என்றார் டொக்டர்.

அன்று வாப்பா சாப்பிடவில்லை.

கல்யாணம் நடந்தது. இப்போது வருடத்துக்கொரு தடவை எல்லோரையும் கண் காட்டக் கூட்டிப்போவது ராத்தாதான்.

அந்தக் காலத்தில் ஒரு கை நீளாவிட்டால் சந்தேகம். இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தும் பதில் வராவிட்டால் சந்தேகம். நானும் அப்படித்தான். ஆனால் அன்று வீட்டுக்குக் கூப்பிட்டாவது பார்த்தோம்...

வாப்பா இப்போதெல்லாம் பக்கத்திலிருந்து கை நீட்டுவதில்லை. தொழுகை முடிந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி, மாமாவுக்கு நேர் முன்னால் போய் உட்கார்ந்து கை கொடுக்கிறார்.